கிச்சனுக்காக லோடு பேரிங் சுவரை எடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சி, தஞ்சாவூர் பக்கம் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். "கிச்சனையும் ஹாலையும் ஒண்ணாக்கணும் சார், நடுச்சுவரை எடுத்துடலாமா?" என்று யார் கூப்பிட்டாலும் அடுத்து வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி, பாதியை விட்டுவிடுவதைவிட மொத்தமாக எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். சுவர் உங்கள் வீட்டில் இருக்கிறது, நான் பார்க்கவில்லை. அதனால் இதைப் படித்துவிட்டு ஒரு கட்டமைப்புப் பொறியாளரை நேரில் அழைத்து வந்து காட்டுங்கள்.

1. லோடு பேரிங் சுவர்னா என்ன? எல்லாச் சுவரும் வீட்டைத் தாங்கத்தானே செய்யுது?

இல்லை. சில சுவர்கள் மேல் தளத்தையும், மாடி இருந்தால் மாடிச் சுவரையும் தலையில் வாங்கி அஸ்திவாரத்துக்கு இறக்குகின்றன. இவைதான் லோடு பேரிங். மற்றவை தங்கள் எடையை மட்டும் சுமந்துகொண்டு அறையைப் பிரிக்கின்றன. பில்லர் இல்லாமல் கட்டிய பழைய தனி வீடுகளில் முதல் வகைதான் அதிகம்.

தளம் எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது என்பது அறையின் வடிவத்தைப் பொறுத்தது. நீளம் அகலத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் பாரம் பெரும்பாலும் இரண்டு நீளச் சுவர்களுக்கே போகும். பத்துக்குப் பன்னிரண்டு போன்ற அறையில் நான்கு சுவர்களும் பங்கு போட்டுக்கொள்ளும். நம் சமையலறைகள் அநேகமாக இரண்டாவது கணக்கில்தான் வரும்.

2. எங்க வீட்டுல பில்லர் இருக்கு. அப்போ எதை வேணும்னாலும் இடிக்கலாம்தானே?

பில்லரும், பில்லரையும் பில்லரையும் இணைக்கும் பீமும் வீடு முழுக்க இருந்தால் உள்சுவர்களை எடுக்க வழி உண்டு. ஆனால் போர்டிகோவில் மட்டும் இரண்டு பில்லர் நிறுத்திவிட்டு மற்ற இடமெல்லாம் சுவர்மேல் தளம் போட்ட வீடுகள் ஏராளம். முன்பக்கம் அப்பா கட்டியது, பின்பக்கம் பிள்ளை பில்லர் போட்டு இழுத்தது என்று கலந்து நிற்கும் வீடுகளும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் சமையலறை எந்தப் பாதியில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஒன்பது இன்ச் பில்லர் ஒன்பது இன்ச் சுவருக்குள் வெளியே தெரியாமல் மறைந்திருக்கும். தளத்தின் கனத்துக்குள்ளேயே மறைத்துப் போட்ட பீமும் கண்ணில் படாது. "பில்லர் இருக்கு", "பீம் இல்லை" என்ற இரண்டையுமே கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்மானிக்க முடியாது.

3. ஒன்பது இன்ச்னா லோடு பேரிங், நாலரை இன்ச்னா வெறும் தடுப்பு. சரிதானே?

பாதி சரி. பில்லர் வீட்டிலும் வெளிச்சுவரை ஒன்பது இன்ச்சில் கட்டுவார்கள், அது தளத்தைத் தாங்குவதில்லை. செலவைக் குறைக்க நாலரை இன்ச் சுவரின்மேலேயே தளம் வார்த்த சின்ன வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு விஷயமும் உண்டு. தடுப்பாகவே கட்டிய சுவர்கூட வருடங்கள் போகப் போக பாரத்தை வாங்கிக்கொள்ளும். கான்கிரீட் தளம் காலப்போக்கில் மில்லிமீட்டர் கணக்கில் தொய்யும். தொய்ந்து வந்து தடுப்புச் சுவரின் தலையில் அமர்ந்துவிட்டால் அது இனி சும்மா நிற்கும் சுவர் இல்லை. அதனால் கனத்தை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. பிளான் எதுவும் இல்லை. தாத்தா காலத்து வீடு. எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

நான் முதலில் மொட்டை மாடிக்குத்தான் போவேன். அந்தச் சுவருக்கு நேர்மேலே என்ன இருக்கிறது? மாடிச் சுவரா, கைப்பிடிச் சுவரா, தண்ணீர் டேங்கா? ஆயிரம் லிட்டர் டேங்க் நிரம்பினால் தண்ணீர் மட்டும் ஒரு டன். டேங்கை வைத்தவர் கீழே சுவர் இருக்கிறது என்று நம்பித்தான் அங்கே வைத்திருப்பார். பிறகு கீழே இறங்கி, சுவரின் இரண்டு பக்கமும் அறைகளின் நீள அகலத்தை அளந்து, தளம் எந்தத் திசையில் பாய்கிறது என்று ஊகிப்பேன்.

அப்புறம் பூச்சைத் திறக்க வேண்டும். தளத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சாண் அகலத்துக்கு உளியால் மெதுவாக எடுங்கள். செங்கல் வரிசை தளத்தின் அடிவரை நேராகப் போகிறதா, நடுவே சாம்பல் நிறத்தில் கான்கிரீட் பீம் வருகிறதா என்பது தெரிந்துவிடும். பீம் இல்லையென்றால் கடைசி வரிசையை உற்றுப் பாருங்கள். சுவரைக் கட்டி முடித்து அதன்மேல் தளம் வார்த்திருந்தால், வார்க்கும்போது வழிந்த சிமென்ட் பால் செங்கலில் ஒட்டி, கல்லும் கான்கிரீட்டும் ஒன்றாகப் பிடித்திருக்கும். தளம் போட்ட பிறகு எழுப்பிய சுவராக இருந்தால், கடைசி இடைவெளியில் உடைந்த கல் துண்டுகளும் கலவையும் திணித்திருப்பார்கள். கரணை நுனியால் கீறினால் கலவை தூளாக உதிரும்.

கம்பி எங்கே எப்படி ஓடுகிறது என்று தளத்தை உடைக்காமல் பார்க்கும் ஸ்கேனர் கருவிகளும் உண்டு. பொறியாளரிடம் கேளுங்கள், ஒரு நாள் வாடகைதான். இந்த வேலையில் மிகவும் பயனுள்ள செலவு அது என்பேன்.

5. மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்துட்டு 'ஒண்ணும் ஆகாது'ங்கிறார். நம்பலாமா?

தட்டும்போது வரும் சத்தம் பூச்சு விட்டிருக்கிறதா, உள்ளே பொந்து இருக்கிறதா என்பதைச் சொல்லும். மேலே எவ்வளவு பாரம் என்பதைச் சொல்லாது. நல்ல மேஸ்திரிகளிடம்தான் நான் வேலை கற்றுக்கொண்டேன், அவர்கள் கைத்திறனை மதிக்கிறேன். ஆனால் பீம் அளவு என்பது கணக்கு. கணக்குப் போட்டுக் கையெழுத்திட ஒருவர், அதைப் பார்த்துக் கட்ட ஒருவர் என்று இரண்டு பேரும் வேண்டும்.

6. அந்தச் சுவர் மேல அப்படி எவ்வளவு வெயிட் இருக்கப் போகுது?

ஒரு சாதாரண வீட்டையே கணக்குப் போடலாம். மாடி இல்லை. நடுச்சுவரில் பத்து அடி எடுக்கப் போகிறோம். இரண்டு பக்கமும் பன்னிரண்டு அடி அகல அறை. ஐந்து இன்ச் கான்கிரீட் தளம் சதுர அடிக்கு ஏறக்குறைய 30 கிலோ. அதன்மேல் செங்கல் ஜல்லி சுருக்கியும் தட்டோடும், அடியில் பூச்சும் சேர்ந்து இன்னொரு 20 கிலோ. மேலே மனிதர் நடக்க, வத்தல் காயப்போட, விசேஷத்துக்குக் கூட்டம் நிற்க என்று விதிநூல் ஒதுக்கச் சொல்வது சுமார் 15 கிலோ. ஆக, சதுர அடிக்கு 65 கிலோ.

தளம் இரண்டு நீளச் சுவர்களில் மட்டும் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு அறையின் பாதியும் நடுச்சுவருக்கு வரும், அதாவது ஆறும் ஆறும் பன்னிரண்டு அடி. பத்து அடி நீளத்துக்கு 120 சதுர அடி. 65-ஆல் பெருக்கினால் 7,800 கிலோ. ஆயிரம் லிட்டர் டேங்குகள் எட்டை நிரப்பி வரிசையாக நிறுத்தினால் என்ன எடையோ, கிட்டத்தட்ட அது.

அதே இடத்தில் மேலே ஒரு மாடியும், நடுச்சுவருக்கு நேராக ஒன்பது இன்ச் மாடிச் சுவரும் இருந்தால்? அந்தச் சுவர் மட்டும் நான்கு டன்னுக்கு மேல் வரும். மாடித் தளம் இன்னொரு ஏழெட்டு டன். மொத்தம் இருபது டன் பக்கம் போய்விடும். "சின்ன வீடுதானே" என்று யாராவது சொன்னால் இந்தக் கூட்டலைப் போட்டுக் காட்டுங்கள்.

7. லிண்டல் பெல்ட் வீடு முழுக்கச் சுத்தி ஓடுது. அதுவே தாங்காதா?

தாங்காது. எனக்கு அதிகம் பயம் தரும் கேள்வி இதுதான். லிண்டல் என்பது கதவு, ஜன்னல் திறப்புகளுக்கு மேலே இருக்கும் கொஞ்சம் செங்கலைத் தாங்கப் போட்டது. மூன்று நான்கு அடித் திறப்புக்கு அது போதும். ஏழடி உயரத்தில் ஓடும் அந்தப் பட்டைக்குக் கீழே உள்ள சுவரைப் பத்து அடிக்கு எடுத்தால், அதற்கு மேலே உள்ள மூன்றடிச் சுவரும், முந்தைய கணக்கில் பார்த்த எட்டு டன்னும் லிண்டலின் தலையில் இறங்கும்.

ஒரு வீட்டில் இப்படித்தான் லிண்டல் மட்டத்தோடு சுவரை நறுக்கி, பால்ஸ் சீலிங் போட்டு மூடிவிட்டார்கள். ஒரு மழைக்காலம் கழித்து சீலிங்கின் இணைப்பு பிளந்ததால் என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். லிண்டலின் அடியில் நடுப்பாகத்தில் விரலிடை தூரத்துக்கு ஒன்றாக நெட்டுக்குத்தான விரிசல்கள், ஒன்றில் கம்பியே தெரிந்தது. அன்று ராத்திரியே முட்டுக் கொடுத்தோம். அந்த வீட்டு அம்மா அதற்கு நேர் கீழேதான் தினமும் உட்கார்ந்து காய் நறுக்கியிருக்கிறார்.

8. முழுச் சுவரையும் எடுத்தாத்தான் ஓப்பன் கிச்சனா?

இல்லை, இதை இன்னும் கொஞ்சம் யோசியுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகக் கேட்பேன். இரண்டு முனையிலும் இரண்டடி சுவரை விட்டுவிட்டு, நடுவில் ஆறடி மட்டும் திறந்தால் பீமின் நீளம் குறையும். பீமுக்கு வரும் வளைவு விசை நீளத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. பத்தடியை ஆறடியாக்கினால் அது மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாக இறங்கிவிடும். பீமின் முனைகள் உட்கார நல்ல சுவரும் கிடைக்கும்.

மேடை உயரத்துக்குச் சுவரை வைத்து, மேலே பரிமாறும் அளவுக்குத் திறப்பு விட்டாலும் சமையலறை ஹாலோடு பேசும். நம் சமையலில் மிளகாய் தாளித்தால் நெடி வீடு முழுக்கப் போகும், மிக்சி சத்தமும் அப்படித்தான். பாதிச் சுவர் அங்கே உதவும்.

9. இரும்பு பீம் நல்லதா, கான்கிரீட் பீம் நல்லதா?

இருக்கும் வீட்டில் சுவரை எடுக்கும்போது நான் பெரும்பாலும் இரும்பைத்தான் தேர்ந்தெடுப்பேன். காரணம் நேரமும் இடைவெளியும். இரும்பு வைத்த அன்றே பாரம் வாங்கத் தயார். இரண்டு சி சேனல்களை, அதாவது 'C' வடிவ இரும்புகளை, முதுகோடு முதுகாக வைக்கும் முறை ஒன்றுண்டு. ஒன்பது இன்ச் சுவரின் ஒரு பக்கத்தில் பாதிக் கனத்துக்கு மட்டும் காடி வெட்டி ஒரு சேனலைச் செருகி, மேலே இறுக்க வேண்டும். பிறகு மறுபக்கத்தில் இன்னொரு சேனல். அப்புறம் இரண்டையும் போல்ட்டால் பூட்டிவிட்டுக் கீழே உள்ள சுவரை எடுக்கலாம். எந்த நேரத்திலும் தளம் அந்தரத்தில் நிற்பதில்லை. எந்த முறை என்பதைப் பொறியாளர் சுவரைப் பார்த்துச் சொல்லட்டும்.

கான்கிரீட் பீமில் உள்ள சிக்கல், தளம் ஏற்கனவே மேலே இருப்பது. அடியிலிருந்து வார்க்கும்போது பீமின் தலைக்கும் தளத்தின் அடிக்கும் நடுவே கான்கிரீட் சரியாகப் போய் அடையாது. போனாலும் காயும்போது சுருங்கி முடி அளவு சந்து விழும். அந்தச் சந்து மூடும்வரை தளம் இறங்கும், இறங்கினால் மேலே விரிசல். சுருங்காத கிரவுட் (சந்தை நிரப்ப ஊற்றும் நீர்த்த சிமென்ட் கலவை) அல்லது மைக்ரோ கான்கிரீட் (பொடி ஜல்லி போட்ட கான்கிரீட்) பயன்படுத்தி, தளத்தில் துளையிட்டு மேலிருந்து ஊற்றி இதைச் சமாளிக்கலாம். சாதாரணக் கலவையை அள்ளி அடைக்க மட்டும் அனுமதிக்காதீர்கள். இரும்பு பீமின் தலையிலும் இதே கிரவுட்தான், கூடவே இரும்பு ஆப்பு.

இரும்பை அப்படியே விடவும் கூடாது. சமையலறையில் ஆவி, உப்பு, எண்ணெய் எல்லாம் படும். பிரைமர் அடித்து, கோழி வலை சுற்றி, நல்ல கனத்துக்குப் பூச வேண்டும். துரு ஒரு காரணம். பெரிய காரணம் தீ. 550 டிகிரி செல்சியஸ் பக்கம் போனால் இரும்பு தன் பலத்தில் ஏறக்குறையப் பாதியை இழக்கும். அடுப்பும் சிலிண்டரும் இருக்கும் அறை இது.

10. பக்கத்து வீட்டுல எட்டு இன்ச் ஐ பீம் போட்டாங்க. அதையே போட்டுடலாமா?

அவர்கள் திறப்பு எத்தனை அடி, அறை அகலம் என்ன, மாடி உண்டா? ஆறாவது கேள்வியில் பார்த்தபடி, மாடி வந்தாலே எட்டு டன் இருபதாகிறது. மேலும் பீம் உடையாமல் இருந்தால் மட்டும் போதாது, தொய்யாமலும் இருக்க வேண்டும். பலத்துக்குச் சரியாக இருக்கும் பீம் சில நேரம் தொய்வுக் கணக்கில் தோற்றுவிடும். அளவைக் கடன் வாங்காதீர்கள்.

11. பீம் போட்டாச்சு. அதோட ரெண்டு முனை எதுமேல உக்காரும்?

கேட்க மறக்கும் கேள்வி இது, கேட்டவர்களைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சி. பத்து அடியில் பரவி இறங்கிய எட்டு டன் இனி இரண்டு இடத்தில் நான்கு நான்கு டன்னாக இறங்கும். மாடி இருந்தால் பத்து பத்து டன். ஒரு முழம்கூட இல்லாத செங்கல் பரப்பில் அது அமர்ந்தால் கல் நசுங்கும், சுவரில் சாய்வாக விரிசல் இறங்கும். அதனால் முனைக்கு அடியில் கான்கிரீட் திண்டு ஒன்று வார்த்து, பாரத்தை அகலமாகப் பரப்பிக் கொடுக்க வேண்டும். முனையில் சுவரே மிஞ்சவில்லை என்றால் புது பில்லர் தரையிலிருந்து எழ வேண்டும்.

பில்லர் என்றால் அதற்கு அஸ்திவாரமும் உண்டு. தரை டைல்ஸ்மேல் இரும்புத் தட்டு வைத்துப் பில்லரை நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். டைல்ஸுக்கு அடியில் நிரப்பு மணல்தான் இருக்கிறது. தளத்திலிருந்து பீம், பீமிலிருந்து திண்டு, திண்டிலிருந்து சுவர், சுவரிலிருந்து கடைக்கால், அங்கிருந்து கெட்டி மண் என்று பாரம் போகும் பாதையை விரலால் தொட்டுக்கொண்டே வாருங்கள். நடுவில் ஒரு இடத்தில் விரல் நின்றுவிட்டால் வேலையைத் தொடங்க வேண்டாம். களிமண் பூமியில், வண்டல் பகுதியில் இதைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

12. முட்டு எப்படிக் கொடுக்கணும்? நாலு சவுக்குக் கட்டை போதாதா?

சுவரின் இரண்டு பக்கமும் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் மறுபக்கத் தளம் தொங்கும். சுவரிலிருந்து இரண்டு மூன்றடி தள்ளி, ஆட்கள் நின்று வேலை செய்ய இடம் விட்டு, வரிசையாக இரும்பு ஜாக்கிகள், அதாவது திருகி உயரத்தை மாற்றும் இரும்பு முட்டுகள். எத்தனை, எவ்வளவு இடைவெளி என்பது ஆறாவது கேள்வியின் எடையைப் பொறுத்தது. ஜாக்கியை உயரமாக நீட்ட நீட்ட அது தாங்கும் எடை குறையும், இதைப் பலர் கவனிப்பதில்லை. தலையில் நெடுகப் போகும் ஒரு கட்டை, காலடியில் நெடுகப் போகும் கனமான பலகை. கீழே மணல் நிரப்பு என்பதால் பலகை இல்லாவிட்டால் ஜாக்கியின் கால் டைல்ஸைக் குத்திக்கொண்டு இறங்கும். முதல் மாடியில் வேலை என்றால் அதே நேர்கோட்டில் கீழ்த்தளத்திலும் முட்டு நிற்க வேண்டும்.

ஒவ்வொரு ஜாக்கிக்கும் தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். தலைக்கட்டைக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு தாளைச் செருகிப் பாருங்கள், நுழையக் கூடாது. அதற்காகக் குழாயைப் போட்டுத் திருகி ஏற்றவும் கூடாது. கையால் இறுகும் வரை போதும். தளம் இறங்கினால் வரும் அதே விரிசல், அதைத் தூக்கிவிட்டாலும் வரும்.

நேர்மேலே மாடிச் சுவர் இருந்தால் இந்த முட்டு மட்டும் போதாது. சுவரின் தலையில் துளையிட்டுக் குறுக்காகச் சின்ன இரும்பு பீம்களைச் செருகி, அவற்றின் இரண்டு முனைக்கும் முட்டு வைக்க வேண்டும். அது அனுபவமுள்ள குழு செய்யும் வேலை.

13. இடிக்கிற அன்னைக்கு என்ன கவனிக்கணும்?

முதல் நாளே டேங்கைக் காலி செய்யுங்கள். சிலிண்டர் வெளியே போகட்டும். சுவருக்குள் ஓடும் ஒயர், தண்ணீர்க் குழாய், கேஸ் குழாய் எல்லாம் துண்டித்திருக்க வேண்டும். மேலிருந்து கீழாக, வரிசை வரிசையாக எடுக்கச் சொல்லுங்கள். அடியில் பிரேக்கரை வைத்து மொத்தமாகச் சாய்ப்பது வேகமாக முடியும், ஆனால் அதிர்வு பழைய கலவையை உதிர்த்துவிடும். ரப்பிஷை உடனுக்குடன் வெளியே கொண்டு போங்கள். முதல் மாடி என்றால் குவித்து வைத்த ரப்பிஷே தனியாக ஒரு பாரம்.

ஏற்கனவே உள்ள விரிசல்களின் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டினால் வேலையை நிறுத்திவிட்டு போன் செய்யுங்கள்.

14. முட்டுகளை எப்போ எடுக்கலாம்? அதுவரைக்கும் வீட்டிலேயே இருக்கலாமா?

கான்கிரீட் பீமுக்கு, ஆறு மீட்டர் வரை நீளம் என்றால், கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456 சொல்வது குறைந்தது 14 நாள். அது சாதாரண போர்ட்லாந்து சிமென்ட்டுக்கு. இப்போது கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பி.பி.சி. சிமென்ட் (பெரும்பாலும் நிலக்கரிச் சாம்பல் கலந்தது) மெதுவாக இறுகும், அதனால் நான் 21 நாளுக்குக் குறையாமல் விடச் சொல்வேன். இரும்பு பீம் என்றால் தலையிலும் முனையிலும் ஊற்றிய கிரவுட் இறுகும்வரை. எடுக்கும்போது நடுவிலிருந்து தொடங்கி முனையை நோக்கி, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும்.

முட்டு நிற்கும் அறையில் யாரும் தூங்க வேண்டாம். குழந்தைகள் இருந்தால் அந்த நாட்களில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஜாக்கியின் திருகு குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும்.

15. எங்களுது மெட்ராஸ் டெரஸ் வீடு. அதுக்கும் இதே முறைதானா?

கணக்கின் அடிப்படை ஒன்றுதான், கைவேலை வேறு. இங்கே பாரத்தைச் சுமப்பது மரக் கட்டைகள். அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் செங்குத்தாக, மூலைவாட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்திருப்பார்கள். அண்ணாந்து பார்த்தாலே கட்டைகள் ஓடும் திசை தெரியும். அவற்றின் முனை எந்தச் சுவரில் ஏறுகிறதோ அதுதான் லோடு பேரிங். கட்டைகளுக்கு நடுவே பழைய தண்டவாளமோ இரும்பு கர்டரோ போட்டிருந்தால் அதன் முனை ஏறும் சுவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முட்டுகளை எப்போதும் கட்டைகளுக்கு நேர் கீழேதான் கொடுக்க வேண்டும், நடுச் செங்கலில் கொடுத்தால் அது பிதுங்கி மேலே எழும். சுவரில் புதைந்திருக்கும் கட்டை முனைகளைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். கரையான் அரித்தோ ஈரத்தில் மக்கியோ இருக்கும். பல வீடுகளில் சுவரின் உள்ளே மண் சாந்து, வெளியே மட்டும் சுண்ணாம்புப் பூச்சு. ஒரு கல்லை உருவினால் பக்கத்துக் கற்களும் சரிந்து வரும். இப்படிப்பட்ட வீட்டில் பெரிய திறப்பு வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு வாசலை அகலப்படுத்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

16. எங்களுது ஃபிளாட். எங்க சுவர், எங்க இஷ்டம்தானே?

இல்லை. கட்டடத்தைத் தாங்கும் சுவர், பில்லர், பீம் எல்லாம் எல்லாக் குடியிருப்போருக்கும் பொதுவானவை. உங்கள் சமையலறைச் சுவரின்மேல் மேல்வீட்டுக்காரரின் சமையலறை இருக்கிறது. கட்டடத்தின் மூல வரைபடத்தைச் சங்கத்திடமோ பில்டரிடமோ வாங்கிப் பொறியாளரிடம் காட்டுங்கள். பில்லர்களுக்கு நடுவே அடைத்த வெறும் தடுப்பு என்று அவர் எழுத்தில் சொன்னாலும், சங்கத்தின் ஒப்புதல் இல்லாமல் தொடாதீர்கள்.

17. புது அபார்ட்மென்ட், மைவான் முறையில கட்டினதுங்கிறாங்க. அதுல ஒரு சின்னத் திறப்பு?

வேண்டாம். அலுமினிய அச்சு வைத்து சுவரையும் தளத்தையும் ஒன்றாக வார்க்கும் அந்த முறையில் தனியே பில்லர் இல்லை. நாலைந்து இன்ச் உள்சுவர்கூடக் கம்பி போட்ட கான்கிரீட், அதுவே கட்டடத்தை நிறுத்துகிறது. காற்று, நில அதிர்ச்சி போன்ற பக்கவாட்டு விசைகளையும் அதுதான் வாங்குகிறது. மூன்றாம் கேள்வியின் கனக் கணக்கு இங்கே கொஞ்சமும் செல்லாது.

லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடம் பற்றிக் கல்லூரியில் படித்தேன். 1968 மே 16 அன்று 18-ஆம் மாடியில் ஒரு சமையலறையில் கேஸ் வெடித்து, தாங்கு சுவர் பலகைகள் வெளியே தள்ளப்பட்டன. அதை நம்பி நின்ற மேல்மாடிகள் சரிந்து, அந்த எடையில் கீழ்மாடிகளும் விழுந்தன. ஒரு மூலை முழுவதும் போனது, நான்கு பேர் இறந்தார்கள். அது துண்டு துண்டாக வார்த்து அடுக்கிய கட்டடம், மைவான் அதைவிட நன்றாகப் பிணைந்தது. ஆனாலும் ஒரு வீட்டின் சுவர் எத்தனை வீட்டுக்குச் சொந்தம் என்பதை அந்த மூலை எனக்கு மறக்க முடியாதபடி சொன்னது.

18. கார்ப்பரேஷன்ல அனுமதி வாங்கணுமா?

டைல்ஸ் மாற்றுவது, பூசுவது போன்றதல்ல இது, கட்டமைப்பையே மாற்றும் வேலை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வந்தவை. உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில், பதிவு பெற்ற பொறியாளர் மூலம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் அவர்களின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும்.

19. வாஸ்துப்படி கிச்சன் அக்னி மூலைக்குப் போகணும். அதுக்காக மூலைச் சுவரை இடிக்கலாமா?

உங்கள் நம்பிக்கையில் நான் தலையிட மாட்டேன். ஆனால் வீட்டின் மூலையில் இரண்டு சுவர்கள் ஒன்றையொன்று பிடித்து நிற்கின்றன. மூலையை ஒட்டித் திறப்பு வைத்தால் அந்தப் பிடி போய்விடும், பதினோராம் கேள்வியில் சொன்ன திண்டுக்கும் இடம் இருக்காது. அடுப்பு மேடையை மட்டும் அதே அறையின் தென்கிழக்குப் பக்கம் மாற்ற முடியுமா என்று வாஸ்து பார்ப்பவரிடம் கேளுங்கள். நான் கேட்டுப் பார்த்த பல வீடுகளில் அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள்.

20. போன வருஷமே இடிச்சுட்டோம், பீம் எதுவும் போடலை. ஒண்ணும் ஆகலையே?

உடனே ஒரு பொறியாளரைக் கூப்பிடுங்கள். அதுவரை அந்த இடத்தில் முட்டு நிற்கட்டும். பக்கத்துச் சுவர்களுக்குப் பாரத்தைத் தள்ளிவிட்டுத் தளம் கொஞ்ச நாள் நிற்கும். நடுச்சுவர்மேல் தொடர்ந்து ஓடும் தளத்தில், சுவருக்கு நேராக முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கும். சுவர் போனபின் இழுவை அடிப்பக்கம் வருகிறது, அங்கே கம்பி போதுமான அளவு இருக்காது. கான்கிரீட் தனியாக இழுவையைத் தாங்காது.

கதவு திடீரென்று இறுகுவது, சீலிங் பூச்சு பொருக்கு பொருக்காக விழுவது, ராத்திரியில் படக்கென்று சத்தம், மொட்டை மாடியில் முன்பு இல்லாத இடத்தில் மழைத் தண்ணீர் தேங்குவது இவையெல்லாம் தளம் இறங்குகிறது என்பதற்கான அடையாளங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் முதலில் ஆட்கள் வெளியே வாருங்கள். சாமானை அப்புறம் எடுக்கலாம்.

21. ரெண்டு வருஷத்துல மாடி கட்டப் போறோம். இப்போ போடுற பீம் அதையும் தாங்குமா?

இப்போதே சொன்னால் தாங்கும்படி போடலாம். எட்டு டன்னுக்குப் போடும் பீமுக்கும் இருபது டன்னுக்குப் போடும் பீமுக்கும் இரும்புச் செலவில் உள்ள வித்தியாசம், பின்னால் அதைப் பிரித்துப் போடும் செலவோடு பார்த்தால் சிறியது. முனைத் திண்டும் அஸ்திவாரமும் அதே கணக்கில் இருக்க வேண்டும் என்பதையும் பொறியாளரிடம் நினைவூட்டுங்கள்.

பூசி மறைக்கும் முன் பீம், முனை, போல்ட் எல்லாவற்றையும் டேப் பிடித்து அளவு தெரியும்படி போட்டோ எடுங்கள். அதையும், பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடத்தையும் வீட்டுப் பத்திரத்தோடு ஒரே கவரில் வையுங்கள். நாளைக்கு மாடி கட்ட வருபவர் நானாக இருக்க மாட்டேன். அவர் கண்ணில் வெறும் வெள்ளையடித்த பூச்சுதான் படும், அந்தக் கவர்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குக் காட்டும்.